பூசை வாங்கிய பொம்மை

மடத்துப் படித்துறையில் ஒருவன் செத்தான். சாக வேண்டியவன் இல்லை.

ஆற்றில் முங்கியவனைக் கரையில் கிடத்தியபோது முகத்தில் இன்னும் களை இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

“வழி விடுங்க. அம்பலவாணர் வாராரு. அவரு இதுக்குன்னே படிச்சவரு.”

காவி கட்டிய மடத்துத் துறவி அம்பலவாணர் மண்டியிட்டார். கையை எங்கே வைப்பது? தெரியவில்லை. வயிற்றை அமுக்கினார். தண்ணீர் வந்தது. உயிர் வரவில்லை.

மறுநாள் குருவின் முன் போய் நின்றார். குரு வயதில் இளையவர். கோபத்தில் மூத்தவர்.

“சாமி, நான் படிச்சவன்தான். கை வரல.”

“என்ன படிச்சீர்?”

“சிபிஆர். நெஞ்சை அமுக்கி, மூச்சு ஊதி, உசுரைக் கொண்டாருறது. டாக்டரு மடத்துக்கே வந்து சொல்லிக் கொடுத்தாரு. எல்லாரையும் விட நீங்கதான் நல்லா செய்யுதீங்கன்னாரு.”

“எப்ப?”

“உங்களுக்கு முந்தின பெரிய சாமி காலத்துல.”

“பொறவு?”

அம்பலவாணர் தரையைப் பார்த்தார்.

“பழகிப் பார்க்க ஒரு பொம்மை கொடுத்துட்டுப் போனாராமே. அது எங்க?”

“பூசை அறையில.”

குரு எழுந்து போய்ப் பார்த்தார். ரப்பர் பொம்மை. இடுப்போடு முடிகிற பொம்மை. நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே சரிகைத் துண்டு. கழுத்தில் செவ்வந்தி மாலை.

“என்னவே இது?”

“உசுர் காக்கிற கருவி இல்லையா, சாமி? ஆயுத பூசைக்கு ஆயுத பூசை மரியாதை பண்ணுவோம். குளிக்காம யாரும் தொடக் கூடாதுன்னு உள்ளே வச்சோம்.”

“குளிச்சுட்டு யாரு தொட்டா?”

அம்பலவாணர் பொம்மையின் மாலையை நேராக்கினார்.

குரு மாலையைக் கழற்றினார். அம்பலவாணர் கழுத்தில் போட்டார்.

“நீரும் உள்ளே போய் உக்காரும். பூப் போடச் சொல்லுதேன்.”

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செத்தவனின் மனைவி ஆற்றுக்கு வந்தாள். நேரே அம்பலவாணரிடம் வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“வயித்த அமுக்குனீங்களாமே. அது தப்புன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க.”

“தப்புதாம்மா.”

“தெரியாம செஞ்சீங்களா?”

“தெரிஞ்சவன்தான். மறந்துட்டேன்.”

“மறந்துட்டீங்க” என்றாள். அவ்வளவுதான்.

குரு குறுக்கிட்டார். “இந்தம்மாவுக்குச் சொல்லிக் கொடும்.”

“எனக்கே தெரியாதே, சாமி.”

“தெரிஞ்சுக்கிட்டு வாரும்.”

அம்பலவாணர் பொம்மையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். கண்டக்டர் குனிந்து பார்த்தான்.

“சாமி, கூட வர்றவருக்கு அரை டிக்கெட் போடவா? ஆளும் அரை ஆளாத்தான் இருக்காரு.”

பஸ்ஸே சிரித்தது. அம்பலவாணர் சிரிக்கவில்லை.

அங்கே பயிற்சி கொடுத்த நர்சம்மா சொன்னாள்: “இதுல நடுவுல சிலது மாறிட்டு, சாமி. நீங்க மறக்காம இருந்திருந்தாலும் பழசைத்தான் மறக்காம இருந்திருப்பீங்க.”

திரும்பி வந்து சொல்லிக் கொடுத்தார். அவள் பொம்மையின் நெஞ்சில் கையை வைத்தாள். அமுக்கவில்லை.

“வலிக்குமா?”

“பொம்மைக்கா?”

“அவருக்கு. வயித்த அமுக்கினப்ப வலிச்சிருக்குமா?”



“அமுக்கும்மா” என்றார் குரு, பின்னாலிருந்து.

அமுக்கினாள்.

வெள்ளிக்கிழமை தோறும் வந்தாள். கோயிலுக்கு வருகிறாள் என்று ஊர் நினைத்தது. கும்பிட வரவில்லை. அமுக்க வந்தாள். மணிக்கட்டு வீங்கினாலும் வந்தாள்.

அம்பலவாணரும் கொஞ்ச நாள் கூட இருந்தார். பிறகு குருவிடம் போனார்.

“கை வந்தாச்சு, சாமி. இனி வாரா வாரம் எதுக்கு?”

“நேத்து சாப்பிட்டீரா?”

“சாப்பிட்டேன்.”

“இன்னிக்கு எதுக்குச் சாப்பிட்டீர்?”

என்ன வாக்கு! அம்பலவாணருக்குப் புல்லரித்தது. மடத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பொம்மைப் பக்கம் போகவில்லை.

ஆடியில் ஆறு பெருகியது. வெளியூர்க்காரர் ஒருவர் வழுக்கி விழுந்தார். இழுத்துப் போட்டார்கள். மூச்சில்லை. ஒருவன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். மறுபடி அதே கூட்டம். மறுபடி அதே குரல்: “அம்பலவாணர் வாராரு, வழி விடுங்க.”

மண்டியிட்டார். கையை எடுத்தார். முதலில் மூச்சா, அமுக்கா? எத்தனை தடவை? கை அந்தரத்தில் நின்றது.

“தள்ளுங்க.”

செத்தவனின் மனைவி. அன்று வெள்ளிக்கிழமை.

அவள் யோசிக்கவில்லை. தலையை நிமிர்த்தினாள். மூக்கைப் பிடித்து வாயில் ஊதினாள். இரண்டு கையையும் கோத்து நடு நெஞ்சில் வைத்து அமுக்கினாள். ஊதினாள். அமுக்கினாள். கொண்டை அவிழ்ந்தது. விடவில்லை.

ஆள் இருமினார். தண்ணீரைக் கக்கினார். கண் திறந்தது.

அவள் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவரு இல்ல” என்றாள்.

எழுந்து தண்ணீர்ப் பக்கம் போய், யாருக்கும் முகம் காட்டாமல் உட்கார்ந்தாள்.

பிழைத்தவரின் ஆட்கள் அழுதபடி ஓடி வந்தார்கள். காவி தெரிந்தது. அம்பலவாணர் காலில் விழுந்தார்கள்.

குரு படியிறங்கி வந்தார்.

“யாரு உசுரைக் கொண்டாந்தது?”

அம்பலவாணர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, தண்ணீர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தவளைக் காட்டினார்.

“உலகம்மை.”