களம் தாண்டிய புலி வேடம்

நாவல் மரங்கள் நிறைந்த ஒரு காட்டில் நாடகக் கூட்டம் ஒன்று இருந்தது. அதற்குக் கொட்டகை கிடையாது. குளத்துக்கு மேலே பாறையடி மணல்தான் களம். வாத்தியார் ஒரு முள்ளம்பன்றி. வெயில் தாழ்ந்ததும் மான்களும் முயல்களும் குட்டிகளோடு வந்து உட்கார்ந்துவிடும்.

ஆடுவது எப்போதும் ஒரே கதைதான். புலி எப்படிப் பதுங்கும், எப்படிப் பாயும், அதைக் கண்டால் குட்டிகள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதுதான் அது. பார்த்த குட்டி பிழைத்துக்கொள்ளும். அதனால் அந்த நாடகத்தை வெறும் பொழுதுபோக்கு என்று யாரும் நினைக்கவில்லை.

கூட்டத்தில் சேர வருகிறவர்களிடம் வாத்தியார் கறாராகச் சொல்லிவிடுவார்.

"பெரிய நடிகனா இருந்தாலும் சரி, நேத்து பயிற்சிக்கு வந்தவனா இருந்தாலும் சரி, களத்தைக் கூட்டணும், தண்ணி சுமக்கணும். ஆட்டம் முடிஞ்சதும் வேஷத்தைக் கழற்றிப் பெட்டியில வைக்கணும். வேஷம் களத்தைத் தாண்டக் கூடாது!"

புலி வேடம் கட்டியவன் வேம்பன் என்ற கருமந்தி. பாக்கு மட்டையில் செய்த புலிமுகத்தை மாட்டி, உடம்பில் மஞ்சள் மண் பூசி, கரிக்கோடு போட்டுக்கொண்டு அவன் பாய்ந்தால், கொம்பு முற்றிய கடமானுக்கே குலை நடுங்கும். களத்தைக் கூட்டுவதற்கோ தண்ணீர் சுமப்பதற்கோ அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவனுடைய மனக்குறை வேறு.

குட்டிகளைக் காப்பாற்றும் காவல்காரன் வேடம் மயிலுக்கு. ஆட்டம் முடிந்தால் குட்டிகள் மயிலைச் சூழ்ந்துகொள்ளும். புலியைக் கண்டாலோ தாயின் வயிற்றுக்கடியில் ஒளியும். வேடத்தைக் கழுவிவிட்டு வந்தால் வேம்பன் யாரென்றே அவற்றுக்குத் தெரியாது. இத்தனை நன்றாக ஆடி என்ன கண்டோம் என்று அவன் நொந்துபோனான். பாவம், அவன் ஆசைப்பட்டது ஒரு சிரிப்புக்குத்தான்.

ஒரு மாலை, செவலை என்ற புள்ளிமானின் குட்டி பொட்டு, நாடகம் முடிந்தும் அழுகையை நிறுத்தாமல் குளத்தங்கரையில் நின்றது. தாய் சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தாள். வேம்பன் புலிமுகத்தைக் கழற்றாமலே அங்கே போனான்.

"ஐயோ, என்னைக் கடிச்சிடாதீங்க! எனக்குப் பயமா இருக்கு!" என்று புலிக்குரலில் சொல்லிக்கொண்டே குட்டிக்கரணம் அடித்தான்.

பொட்டுவின் அழுகை நின்றது. பிறகு சிரிப்பு வந்தது.

"நீங்க நல்ல புலியா?"

"ரொம்ப நல்ல புலி! புலி மாமா!"

அந்தச் சிரிப்பில் வேம்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதன் பிறகு மாலைதோறும் புலி மாமா குளத்தங்கரைக்கு வந்தார். பொட்டு அவர் முதுகில் ஏறியது, காதைக் கடித்தது, நாவற்பழம் கேட்டு அடம் பிடித்தது. முகத்தை மட்டும் வேம்பன் கழற்றவே இல்லை. கழற்றினால் அவன் வெறும் கருமந்தி. அவனைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

வேடப்பெட்டியைப் பார்த்துக்கொண்டது, பயிற்சிக்கு வந்திருந்த துடியன் என்ற கீரி.

"அண்ணே, வேஷம் களத்தைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லித்தானே நம்மைச் சேர்த்தாங்க?" என்று அது தயங்கித் தயங்கிக் கேட்டது.

"குழந்தை சிரிக்குதுடா! இதுல என்ன குத்தம்?"

பெரிய நடிகரைப் பற்றி வாத்தியாரிடம் போய்ச் சொல்லத் துடியனுக்குத் துணிவில்லை. பேசாமல் இருந்துவிட்டது.

கோடை முற்றியது. ஒருநாள் காலை வேம்பன் வேடமில்லாமல் நாவல் மரத்தின் உச்சியில் இருந்தான். பொட்டுவுக்காகத்தான் பழம் பறித்துக்கொண்டிருந்தான். கீழே மான்கள் தண்ணீர் குடித்தன. அப்போது நாணல் விலகியது. உண்மையான புலி வெளியே வந்தது.

"புலி! ஓடு, பொட்டு!" என்று அலறினாள் செவலை.

மான்கள் சிதறி ஓடின. பொட்டு மட்டும் ஓடவில்லை.

"பயப்படாதீங்கம்மா! அது நம்ம புலி மாமா!" என்று துள்ளிக் குதித்துக்கொண்டு புலியை நோக்கிப் போனது.

வேம்பன் கிளைக்குக் கிளை தாவி இறங்கியபடி கத்தினான்.

"பொட்டு! நான் இங்கே இருக்கேன்! அது நான் இல்லை! திரும்பி ஓடு!"

பொட்டு தலையைத் தூக்கிப் பார்த்தது. முன்பின் அறியாத ஒரு கருமந்தி ஏதோ கத்திக்கொண்டிருந்தது. பொட்டு மறுபடியும் புலியைப் பார்த்து ஓடியது.

புலி பதுங்கியது. அது பாய்ந்தபோது நடுவே செவலை வந்து விழுந்தாள். கொம்பில்லாத தலையால் குட்டியைப் பாறைப் பக்கம் முட்டித் தள்ளினாள். பொட்டு பிழைத்தது. செவலை பிழைக்கவில்லை.

வேம்பன் நேரே வாத்தியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

"நான் போயிடறேன், வாத்தியாரே. இனி எனக்கு வேஷம் வேண்டாம்!"

"நானும் குத்தவாளிதான். பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்," என்றது துடியன்.

முள்ளம்பன்றியின் கண்கள் கலங்கியிருந்தன.

"நீ போயிட்டா மத்த குட்டிகளுக்குப் புலியை யாரு காட்டுவா? ஆடு. முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் முகத்தைக் கழற்று. நீ யாருன்னு அதுங்க பார்க்கட்டும். துடியா, இனிமே தப்புன்னு பட்டா யாரா இருந்தாலும் என்கிட்ட வந்து சொல்லு!"

அடுத்த ஆட்டத்துக்குப் பொட்டுவை அதன் சித்தி அழைத்து வந்தாள். வேம்பன் பதுங்கினான், பாய்ந்தான். பொட்டு திரும்பிப் பார்க்காமல், ஓட வேண்டிய பக்கம் சரியாக ஓடியது. அதைக் கண்டு வேம்பனின் மனம் சற்றே ஆறியது. களத்தின் நடுவில் நின்று புலிமுகத்தைக் கழற்றினான். பொட்டு தூரத்திலிருந்து அந்தக் கறுத்த முகத்தை உற்றுப் பார்த்தது. அன்று மரத்திலிருந்து கத்தியது யார் என்று அதற்கு இப்போது புரிந்தது. அது கிட்டே வரவில்லை. மாமா என்று கூப்பிடவும் இல்லை.

வேம்பன் முகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக் களத்தைக் கூட்டத் தொடங்கினான்.

பிறரைக் காக்கக் கொடுத்த வேடத்தைத் தன் ஆசைக்காகப் போட்டுக்கொள்கிறவன், தான் நேசிக்கிறவர்களுக்கே கேட்டைத் தேடித் தருகிறான்.