நீலம் காணாமல் போன ஏரி

“கொக்கேரி செத்துப்போச்சு, மேடம்” என்றார் சடையப்பன்.

பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், சாட்டிலைட் படங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள வந்த மாணவர் அவர். ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

“எப்படிச் சொல்றீங்க, சார்?”

அவர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பழைய படத்தில் ஏரி முழுக்க நீலம். போன மாதப் படத்தில் ஓரமாக ஒரு கீற்று நீலம். மற்றதெல்லாம் பச்சை.

“நீலம்னா தண்ணி. பச்சைன்னா புல்லு முளைச்ச தரை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துட்டேன்.”

“நேர்ல போனீங்களா?”

“எதுக்கு மேடம்? மூலை முடுக்கெல்லாம் இங்கேயே தெரியுதே.”

“சரி. ஏன் சாப்பிடாம உட்கார்ந்திருக்கீங்க?”

“நாளைக்கு நகராட்சிக்கு நம்ம வகுப்பு சார்பா அறிக்கை கொடுக்கணும். தண்ணி இல்லைன்னு எழுதினா, ஊர்க் குப்பையை அங்கதான் கொட்டப் போறாங்க. சுத்தியிருக்கிற கிணறெல்லாம் பாழாயிடும். பொய் எழுத மனசு வரலை. உண்மையை எழுதக் கை வரலை.”

மெஹருன்னிசா எழுந்தார். கார் சாவியை எடுத்தார்.

ஏரிக்கரையில் இறங்கியதும் சடையப்பன் இன்னும் வாடிப்போனார். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அதன்மேல் ஒரு கொக்கு சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது.

“பாருங்க மேடம், கொக்கே நடக்குது. தரைதான்.”

கொக்கின் எடையையும் தன் எடையையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் கணக்கில் புலி.

மெஹருன்னிசா கரையில் கிடந்த மூங்கில் கழி ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“உங்க தரையில இதை ஊன்றிட்டு வாங்க, சார்.”

சடையப்பன் கரை விளிம்புக்குப் போனார். இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து, எட்டி ஒரு குத்துக் குத்தினார்.

கழி நிற்கவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பிடித்த பிடியை விடாத சடையப்பனும் அதோடு போனார்.

கொக்கு பறந்தது.

சற்றுப் பொறுத்துப் பச்சையைப் பிளந்துகொண்டு ஒரு தலை எழுந்தது. உச்சியில் வேரோடு ஒரு கொத்து ஆகாயத்தாமரை. மூக்குக்கண்ணாடியைக் காணோம். நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி மனிதர் குழந்தை மாதிரி சிரித்தார். அப்பாடா என்று ஒரு பெருமூச்சும் விட்டார்.

“மேடம், முங்கிட்டேன்! நான் முங்கிட்டேன், மேடம்!”

“இன்னும் சத்தமா, சார்” என்றார் மெஹருன்னிசா. “நகராட்சி வரைக்கும் கேக்கட்டும்.”