வாரேன்

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். குரு உலகம்மாளுக்கு வயது முப்பத்தைந்துகூட இருக்காது. அவரிடம் சீடராகச் சேர்ந்த சுடலையாண்டியோ தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் கேள்விகளுக்குச் செல்போனில் பதில் எழுதுவது சுடலையாண்டியின் வேலை. தமிழில் எழுதுவார். போன் அதை அவரவர் மொழிக்கு மாற்றிவிடும். அதில் அவருக்குப் பெருமை தாங்காது.

தை மாதத்து மத்தியானம் ஒன்றில் அவர் குருவிடம் ஓடி வந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"போலந்துல ஹலினான்னு ஒரு அம்மா. தனியா இருக்காவ. பேசி முடிக்கும்போதெல்லாம் அவங்களுக்கு 'வாரேன்'னு எழுதுவேன். கிளம்பும்போது 'போறேன்'னு யாராவது சொல்லுவாங்களாம்மா?"

"சொல்ல மாட்டோம்."

"போனு அதை 'வந்துகொண்டிருக்கிறேன்'னு மாத்திக் கொடுத்திருக்கு. தட்டுனா காதுல விழாதுன்னு அந்தம்மா வீட்டுக் கதவைத் திறந்தே வச்சிருக்காவ. அங்க பனி கொட்டுது. ஏற்கெனவே நெஞ்சுல சளி. இப்படியே கிடந்தா செத்துருவாவ."

"வரலைன்னு எழுதலையா?"

"எழுதிட்டேன். அது விடைபெறுற வார்த்தைதான், நான் இங்கயேதான் இருக்கேன்னு எழுதிட்டேன்." அவர் குரல் இறங்கியது. "அதுக்கு வந்த பதிலைப் பாருங்க."

உலகம்மாள் வாங்கிப் படித்தார்.

'அப்படியானால் இங்கே நிற்பது யார்? உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அவர் திரும்பிப் போகவும் வழி வேண்டுமே என்று கதவை அடைக்காமல் இருக்கிறேன்.'

கீழே ஒரு படம். மரத்தரையில் ஈரமான இரண்டு பாதத் தடங்கள். செருப்பில்லாத கால்கள். இடது காலில் நான்கு விரல்தான் இருந்தது.

சுடலையாண்டி தம் இடது காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். சின்ன வயதில் பம்புசெட் பெல்ட்டில் சுண்டுவிரலைக் கொடுத்தவர் அவர். அதை ஹலினாவிடம் சொன்னதே இல்லை.

உலகம்மாள் குனிந்து அந்தக் காலைத் தொட்டார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கால் பனிக்கட்டியாக இருந்தது.

"பயமா இருக்கும்மா. அதை எப்படிப் போகச் சொல்ல?"

"நம்ம வீட்டுக்கு வந்தவங்களை எப்படி அனுப்புவோம்?"

"போயிட்டு வாங்கன்னு சொல்லுவோம்."

"அதையே அந்தம்மாவைச் சொல்லச் சொல்லுங்க. போனு மாத்த வேண்டாம். நம்ம சத்தமாவே போகட்டும்."

உலகம்மாள் போனை வாயருகே வைத்து, "போயிட்டு வாங்க" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பதிவுசெய்தார். அதை ஹலினாவுக்கு அனுப்பினார்கள். எதிரில் நிற்பவரிடம் ஹலினாவே வாய்விட்டு இதைச் சொல்ல வேண்டும் என்று சுடலையாண்டி கீழே எழுதினார்.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பொழுது சாயும்போது பதில் வந்தது.

'வாயில் நுழையவே இல்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் சரியாக வந்தது போலிருக்கிறது. அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். கதவை அடைத்துவிட்டேன். அடுப்பு எரிகிறது, பயப்படாதீர்கள்.'

சுடலையாண்டிக்கு அழுகை வந்துவிட்டது. அந்தம்மா பிழைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியையும் படித்தார்.

"இன்னொண்ணும் கேட்டிருக்காவ. 'அவர் எங்கே போயிருப்பார்?' இதுக்கு என்னம்மா எழுத?"

"வீட்டுக்குன்னு எழுதுங்க."

எழுதினார். எழுதி முடித்ததும் விரல் பழக்கத்தில் 'வா' என்ற எழுத்தை அடித்துவிட்டது. அதை அவசரமாக அழித்துவிட்டுத் தம் அறைக்குப் போக எழுந்தார். வாசல்வரை போய், சொல்லிக்கொண்டு கிளம்பத் திரும்பினார். வார்த்தை வரவில்லை.

"இன்னும் எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருக்கீங்க அண்ணாச்சி?"

அவர் போனில் பெயர்ப் பட்டியலைத் தள்ளத் தொடங்கினார். அது போய்க்கொண்டே இருந்தது.

"இன்னைக்கு உங்க அறைக் கதவை அடைக்காதீங்க" என்றார் உலகம்மாள்.