பன்னிரண்டாவது பேர்

தென்காசிப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு தில்லைநாயகி. அங்கே கம்ப்யூட்டர் பாதுகாப்பு முழுக்க அவள் பொறுப்பு. சீடர் சவரிமுத்து, இருபது வருஷம் ரெக்கார்டு அறையில் கிடந்துவிட்டு, இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறேன் என்று அவளிடம் வந்து சேர்ந்தவர். குரு, சீடர் என்பது கேலிக்கு ஆரம்பித்தது. அப்படியே ஒட்டிக்கொண்டது.

சீடர் முதன்முதலாகத் தனியாகச் செய்த வேலை ஒரு பொய் மெயில். யார் யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்கும் சோதனை. 'புதுச் சீருடைச் சேலைக்கு நிறம் தேர்ந்தெடுக்க இங்கே அழுத்தவும்.' ஆஹா, என்ன மூளை! சேலை என்றால் விடுவார்களா? பன்னிரண்டு பேர் அழுத்தினார்கள்.

பன்னிரண்டாவது பேரைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தில்லைநாயகி.

மரியாதை தெரிந்த மனிதர். அந்தப் பேரை விட்டுவிட்டு, மற்ற பதினொன்றையும் 'ஏமாந்தவர்கள்' என்று தலைப்புப் போட்டு, கேன்டீன் பலகையில் ஒட்டினார். கேன்டீனில் ஒரே சிரிப்பு. பேர் வந்தவர்கள் மட்டும் சாப்பிட வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பட்டியலின் அடியில் பேனாவால் தில்லைநாயகி என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்தேதான்.

ஓடினார். "என்ன மேடம் இது? மரியாதைக்காக நான் விட்ட பேரை நீங்களே ஏன் எழுதினீங்க?"

"அழுத்தினேனே சார். மாம்பழக் கலர் கேட்டிருந்தேன்."

"அதுக்காக? நாளைக்கு யாரு உங்களை மதிப்பாங்க?"

அவள் டீயைக் குடித்தாள். சீடருக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை, வரவேற்பு மேசை இசக்கியம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மேடம், தப்புப் பண்ணிட்டேன். கண் முகாம் டாக்டர் அனுப்பின மாதிரி ஒரு மெயில். திறந்துட்டேன். ஃபைல் பேரெல்லாம் கண்ணு முன்னாலேயே மாறுது. என் வேலை போயிருமா?"

"ஒயரைப் பிடுங்கிட்டுப் பேசுவோம். வாங்கக்கா."

மறுநாள் நாற்பத்திரண்டு பேருக்குக் கண்புரை ஆபரேஷன். யார் கண்ணுக்கு எந்த லென்ஸ் என்ற அளவெல்லாம் சர்வரில்தான் இருந்தது. மெயிலில் வந்த வைரஸ் அங்கேயும் பரவி அதைப் பூட்டிவிட்டால், நகல் இருந்தாலும் சர்வரை மறுபடி எழுப்ப ஒரு வாரம் ஆகும்; நாற்பத்திரண்டு பேரும் வந்த வழியே ஊர் திரும்ப வேண்டியதுதான். இசக்கியம்மாளின் கம்ப்யூட்டரைத் துண்டித்தார்கள். சர்வரில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, முந்தின நாள் எடுத்து வைத்திருந்த நகலோடு ஒப்பிட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி அளவும் சரியாக இருந்தது. கெட்டது அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும்.

"அப்பாடா! மாதாவே!" சவரிமுத்து நாற்காலியில் சாய்ந்தார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்காமலே இசக்கியம்மாளிடம் திரும்பினார்.

"பத்து நாப்பத்தொண்ணுக்குத் திறந்திருக்கே. பத்து நாப்பத்தி நாலுக்கு இங்க வந்துட்டே. மத்தியானம் வரைக்கும் மறைச்சிருந்தா அம்புட்டும் போயிருக்கும். எப்படிம்மா உடனே வந்தே?"

"எங்க சார் உடனே வந்தேன்? அணைச்சுப் போட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துரலாம்னுதான் நெனச்சேன். உங்க பலகை ஞாபகம் வந்துச்சு."

சவரிமுத்து தரையைப் பார்த்தார்.

"அப்புறம், அதுல மேடம் பேரும் இருக்கேன்னு தோணுச்சு. எந்திரிச்சு ஓடியாந்துட்டேன்."

அவள் போன பிறகு, அவர் கேன்டீனுக்குப் போய்ப் பட்டியலை எடுத்து வந்தார்.

"கிழிச்சுரட்டுமா மேடம்?"

"கிழிங்க. புதுத் தாள் ஒண்ணு எடுங்க. 'வந்து சொன்னவங்க'ன்னு போடுங்க. முதல்ல இசக்கியக்கா. பக்கத்துல மூணு நிமிஷம்னு எழுதுங்க."

எழுதினார். "அடுத்தது?"

"என் பேரு."

அதையும் எழுதினார். "பக்கத்துல என்ன போட?"

தில்லைநாயகி பழைய பட்டியலின் அடியில் தான் பேனாவால் எழுதியிருந்த பேரைப் பார்த்தாள்.

"ரெண்டு நாள்" என்றாள்.