பெங் கையிலிருந்த முட்டை

ஆற்றங்கரை எழுத்துப் பள்ளியில் பெங் ஒன்பது வருடமாகச் சீடன். அதற்கு முன்னால் நீதிமன்றத்தில் நகல் எழுதுகிற வேலை. இருபது வருடம் குனிந்தே எழுதியதில் முதுகு வளைந்து போயிருந்தது. அவனுக்கும் குரு நிங் அம்மையாருக்கும் ஒரே வயது.

"நிமிர்ந்து உட்கார், பெங்," என்பார் குரு, தினமும். "இரண்டு பாதமும் தரையில் இருக்கட்டும். மார்புக்கும் மேசைக்கும் நடுவே ஒரு முஷ்டி அளவு இடம் விடு."

நிமிர்வான். அரை நாழிகையில் மறுபடி குனிந்துவிடுவான். பாவம், அவனும் என்ன செய்வான்!

எட்டு மாதத்துக்கு முன்னால் யூலான் வந்து சேர்ந்தாள். படகோட்டி. அதுவரை தூரிகையைத் தொட்டதே இல்லை. ஆனால் துடுப்புப் போட்ட முதுகு அல்லவா, உட்கார்ந்ததுமே நேராக நின்றது. தூரிகையைச் செங்குத்தாகப் பிடி, விரல்கள் உறுதியாக இருக்கட்டும், உள்ளங்கை மட்டும் காலியாக இருக்கட்டும் என்று குரு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவள் பிடித்துவிட்டாள்.

குரு "ம்" என்றார்.

ஒன்பது வருடத்தில் பெங்குக்கு அந்த "ம்" கிடைத்ததே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்தது வயிற்றெரிச்சல். அவள் மை அரைத்தால் எரிச்சல், சிரித்தால் எரிச்சல், "அண்ணா, உங்கள் தாளை நகர்த்தி வைக்கட்டுமா?" என்று கேட்டால் இன்னும் எரிச்சல். மனிதனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருடம் ஆற்றுக்குக் குறுக்கே புதுப் பாலம் கட்டி முடித்தார்கள். முகப்புப் பலகையில் பாலத்தின் பெயரை எழுத ஒரு கை வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கு வந்து கேட்டார்கள். நூறு வருடம் நிற்கப்போகிற எழுத்து. பெங் காத்துக் கிடந்ததே இப்படி ஒன்றுக்காகத்தான்.

"உங்கள் இரண்டு பேரில் ஒருவர் எழுதலாம்," என்றார் குரு. "நாளைக் காலையில் ஆளுக்கொரு பச்சை முட்டை கொண்டு வாருங்கள்."

அது அந்தப் பள்ளியின் பழைய பரீட்சை. தூரிகை பிடித்த கைக்குள் முட்டையை வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரு நீளக் கோடு இழுக்க வேண்டும். குரு பின்னாலிருந்து திடீரென்று தூரிகையைப் பிடுங்குவார். விரல் தளர்ந்தால் தூரிகை போய்விடும். உள்ளங்கை இறுகினால் முட்டை போய்விடும்.

பெங் வீட்டில் பத்து முட்டைகளை வைத்துப் பழகிப் பார்த்தான். பத்தும் உடைந்தன. பதினோராவதை என்ன செய்தான் என்கிறீர்கள்? அடுப்பில் போட்டு வேக வைத்தான்!

காலையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இருவர் கையிலும் முட்டை. இரண்டு கோடுகளும் மெதுவாகக் கீழே இறங்கின.

கோடு முடிகிற தறுவாயில் குரு யூலானின் தூரிகையை வெடுக்கென்று இழுத்தார். தூரிகை வரவில்லை. முட்டை நொறுங்கி, மஞ்சள் கரு அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"ஐயையோ!" என்றாள் யூலான்.

பெங்குக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அடுத்த நொடி அவன் தூரிகையை இழுத்தார் குரு. அசையவில்லை. முட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

குரு இரண்டு தாள்களையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"பலகையை யூலான் எழுதட்டும்."

"அநியாயம்!" பெங் எழுந்து நின்று கத்தினான். "அவள் முட்டை உடைந்துவிட்டது. என்னுடையது இதோ, முழுசாக இருக்கிறது. உங்களுக்குக் கண் தெரியவில்லையா?"

"அண்ணன் சொல்வது நியாயம்தான், குருவே," என்றாள் யூலான். "அவரே எழுதட்டும்."

"நீ ஒன்றும் எனக்குப் பிச்சை போட வேண்டாம்!"

குரு ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"அந்த முட்டையை இதில் உடைத்து ஊற்று."

பெங் முட்டையைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். கை எழவில்லை.

"ஊற்று, பெங்."

"வேக வைத்தது, குருவே." பெங் அதை மேசையில் வைத்தான். "பொறாமை. எட்டு மாதமாக எனக்குத் தூக்கமே இல்லை. ஒன்பது வருடமாக நான் உட்கார்ந்து தேய்த்த இடத்தில் இவள் நேற்று வந்து உட்கார்ந்துகொண்டாள். என்னால் தாங்க முடியவில்லை."

யூலான் தலையைக் குனிந்துகொண்டாள். குரு திட்டவில்லை.

பெங்தான் கேட்டான்.

"எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? முட்டை ஓட்டைப் பார்த்தா?"

"ஓட்டைப் பார்த்தால் யாருக்குத் தெரியும்?"

குரு அவன் தாளை எடுத்து விரித்தார். கோட்டின் மேல் விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தார்.

"இங்கே ஒரு வளைவு. இங்கே ஒன்று. இதோ, இங்கேயும்."

மொத்தம் ஆறு. ஆறும் யூலான் உட்கார்ந்திருந்த பக்கம் சாய்ந்திருந்தன.

"என் பிடி சரியில்லையா?"

"பிடி அருமை," என்றார் குரு. "ஆனால் பச்சை முட்டையைக் கையில் வைத்திருப்பவன், பக்கத்து ஆள் கையை ஆறு தடவை திரும்பிப் பார்ப்பானா, பெங்?"