குளத்தில் கிடந்த மருதமரம்

பொன்னுரங்கத்துக்கு அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. பத்து வருஷத்தில் முதல் கடிதம்.

'தம்பி, பழசை மறந்துவிடு. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த முள்வேலியை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். இனி ஒரே வாசல். வந்துவிடு.'

படித்துவிட்டு ஐம்பது வயது மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். அந்த அண்ணன் வீசிய அரிவாள்தான் அவருடைய இடது தோளில் ஒரு சாண் தழும்பாகக் கிடந்தது. அந்தக் காயத்தோடு ஊரைவிட்டு வந்து இந்த ஆற்றங்கரை மடத்தில் விழுந்தவர் அவர்.

அவரை இங்கே கட்டிப்போட்டது மடத்துக் குளம். அதில் ஏழு ஆமைகளும் ஒரு முதலையும் இருந்தன. வெள்ளத்தில் முழ நீளக் குட்டியாக வந்து சேர்ந்த முதலை, இப்போது ஆள் நீளத்துக்கும் மேல். செம்படவர் தினமும் கொண்டுவரும் மீனைத் தின்றுவிட்டுப் படியில் வாயைப் பிளந்து கிடக்கும். ஆமைகள் பக்கத்திலேயே நீந்தும். ஊர் ஊராக ஜனங்கள் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். முதலையே திருந்திவிட்டதே, மனுஷன் திருந்தமாட்டானா? பொன்னுரங்கமும் அப்படித்தான் நினைத்தார். அந்த நினைப்பில்தான் உயிர் வாழ்ந்தார்.

ஆமைகளில் ஓட்டின் ஓரம் சிதைந்த ஒன்று, அவர் கையிலிருந்து கீரை வாங்கித் தின்னும். செல்லாயி என்று பேர் வைத்திருந்தார்.

மடத்துச் சாமி தாண்டவர், பொன்னுரங்கத்தைவிட நாலு வயது சின்னவர். குளத்து அதிசயத்தைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. எல்லாம் அந்த மரம் பண்ற வேலை."

குளத்தின் நடுவில் பாதி முங்கிக் கிடந்த மருதமரத்தைக் காட்டுவார். ஆகா, என்ன அடக்கம் என்று ஜனங்கள் உருகிப்போவார்கள். ஒரு புலவர், மரம் என்றால் மூலப்பொருள் என்று ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னார். சாமி கொட்டாவி விட்டார்.

பொன்னுரங்கம் கடிதத்தைக் காட்டினார்.

"அண்ணன்கிட்டப் போகட்டுமா சாமி?"

"நான் பத்து நாள் வெளியூர் போறேன். வந்ததும் பேசலாம். குளத்தைப் பார்த்துக்கங்க."

"அதைவிட எனக்கு என்ன வேலை?"

அந்தப் பத்து நாளுக்குள் ஆடிப்பெருக்கு வந்தது. கூட்டமான கூட்டம். வந்தவர்களெல்லாம் ஒரே புலம்பல். "இந்தப் பாழாப்போன மரம் மறைக்குதே! முதலையைப் பார்த்தா ஆமை தெரியலை, ஆமையைப் பார்த்தா முதலை தெரியலை."

பொன்னுரங்கத்துக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. மடத்தை விட்டுப் போகிறோம், போவதற்கு முன் இந்த ஒரு கைங்கரியத்தைச் செய்துவிடுவோம். முதலையைச் சுருக்குப் போட்டுப் படியோரம் நிறுத்திவிட்டு, எட்டு ஆளும் இரண்டு ஜோடி மாடும் வைத்து மரத்தை இழுத்துக் கரையில் போட்டார். அண்டியிருந்த பாறைக் கற்களையும் புரட்டி எடுத்தார். பிறகு சுருக்கை அவிழ்த்துவிட்டார். தண்ணீர் தெளிந்ததும் குளம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. ஜனங்கள் முதலையையும் ஆமையையும் சேர்ந்தாற்போலப் பார்த்துப் பரவசப்பட்டார்கள். அவருக்கும் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, படாரென்று ஒரு சத்தம். யாரோ சூறைத்தேங்காய் விடுகிறார்கள் என்று நினைத்துக் கோவில் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மறுபடியும் சத்தம் கேட்டபோதுதான் குளத்தைப் பார்த்தார்.

ஏழில் இரண்டைத்தான் வலை போட்டுக் காப்பாற்ற முடிந்தது. அந்த இரண்டில் செல்லாயி இல்லை.

மறுநாள் சாமி திரும்பியபோது பொன்னுரங்கம் கடப்பாரையோடு படியில் நின்றுகொண்டிருந்தார்.

"இது துரோகி, சாமி! இத்தனை வருஷம் கூடவே இருந்துட்டு எப்படி மனசு வந்துச்சு? வயிறு நிறையத்தானே மீன் போட்டேன்!"

"பசிக்கா கடிச்சுது? பக்கத்துல அசைஞ்சுது, கடிச்சுது."

"அப்ப இத்தனை வருஷம் ஏன் கடிக்கலை?"

சாமி அவருடைய கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டு மடைப்பள்ளிப் பின்பக்கம் நடந்தார். அங்கே மருதமரம் விறகுக்குக் காத்துக் கிடந்தது. கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினார்.

"பிடிங்க."

இருவருமாகப் புரட்டினார்கள்.

தண்ணீருக்குள் இருந்த பக்கம் முழுக்கப் பல் தடம். பாசி படிந்த பழைய தடங்களுக்கு மேலே புதுத் தடங்கள், வெள்ளை மரம் தெரிய. அந்தப் பக்கத்தில் ஆமைகள் நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தது. அதன் விளிம்பு கடிபட்டுக் கடிபட்டு நார் நாராகக் கிழிந்திருந்தது.

"ஒரு தடத்துல விரலை விட்டுப் பாருங்க."

விட்டார். முதல் கணு வரைக்கும் போயிற்று.

"தினமும் கடிச்சிருக்கு."

"தினமும்."

"ஆயிரம் பேர் வந்து கும்பிட்டாங்களே! வெட்ட வெளிச்சமாச் சொல்லக்கூடாதா சாமி? அஞ்சு உயிர் போச்சே!" அவர் கத்தினார். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

"மரம்னுதானே சொன்னேன். வேற எப்படிச் சொல்றது?"

பொன்னுரங்கம் அந்த மரத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். செம்படவர் மீன்கூடையோடு குளத்துப் பக்கம் போனார். முதலை தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது.

"சாமி, நான் அண்ணன்கிட்டப் போகட்டுமா?"

"கடுதாசி இருக்கா?"

மடியிலிருந்து எடுத்தார்.

"படிங்க."

"தம்பி, பழசை மறந்துவிடு. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த முள்வேலியை நானே பிடுங்கிப்..."

அவருடைய வலது கை தானாக இடது தோளுக்குப் போயிற்று.

"மேலே படிங்க" என்றார் சாமி.