உரல் ஜாமீன் நின்ற வழக்கு

சாமான்களுக்கும் சட்டம் இருந்த ஓர் ஊர். அங்கே ஒருநாள் வெல்லப்பானை ஒன்று உடைந்துபோனது. யார் உடைத்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்து மூலையில் உலக்கை சாய்ந்திருந்தது. போதாதா? லத்திக்கம்பு வந்து உலக்கையைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளிவிட்டது.

உலக்கை இல்லாவிட்டால் உரல் எதற்கு? நடுவில் பள்ளம் விழுந்த வெறும் கல். உலக்கையைக் கூடப்பிறந்த தம்பியாகவே நினைத்திருந்தது உரல். குத்த வேண்டிய நெல் பள்ளத்தில் அப்படியே கிடந்தது. வேலியில் உட்கார்ந்திருந்த காக்கை வக்கீலைக் கூப்பிட்டு அழுதது.

"ஜாமீன்ல எடுத்துரலாம்க்கா," என்றது காக்கை. "ஆனா ஜாமீன்னா விடுதலைன்னு நெனச்சுக்காதீங்க. கேஸ் அப்படியேதான் இருக்கும். கூப்பிடுற அன்னிக்கெல்லாம் தம்பி கோர்ட்டுக்கு வந்து நிக்கணும். வருவான்னு ஒருத்தர் பிணை குடுக்கணும். அவரு ஊர் சுத்துற ஆளா இருந்தா ஒத்துக்க மாட்டாங்க. நிலையா ஓரிடத்துல இருக்கணும்."

"என்னைவிட நிலையா யாருப்பா இருக்கா? பொறந்ததுலேர்ந்து இந்த இடத்தைவிட்டு நகர்ந்ததில்ல!"

அப்படிச் சொன்ன உரல்தான் முதல்முறையாக இடம்பெயர்ந்து உருண்டது. மேட்டில் மூச்சு வாங்கியது, பள்ளத்தில் தலைகுப்புற விழுந்தது. விளிம்பெல்லாம் சில்லுச் சில்லாகப் பெயர, ஒருவழியாகக் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது.

நீதிபதி தராசு அதை ஏற இறங்கப் பார்த்தது. "கூப்பிடும் நாளில் உலக்கை ஆஜராகாவிட்டால் உன்னை உடைத்து ஜல்லி ஆக்கிவிடுவோம். சம்மதமா?"

"சம்மதங்கய்யா," என்றது உரல். கொஞ்சமும் யோசிக்கவில்லை. பத்திரத்தில் அச்சு வைத்தது. உலக்கை வெளியே வந்ததும் அக்காவும் தம்பியும் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தார்கள், பாவம்.

கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் உலக்கை தன் பூண் அடையாளத்தைப் பதித்துவிட்டு வரவேண்டும். அது ஜாமீனுக்கு நிபந்தனை. போய்த் திரும்புவதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். நெல் கொண்டுவந்தவர்கள் காத்துக் காத்துப் பார்த்து மில்லுக்குப் போய்விடுவார்கள்.

இதற்கு நடுவில் வாய்தா வேறு. கோர்ட்டு வராந்தாவில் டவாலிச் சேவல் நின்று, "உலக்கை! உலக்கை! உலக்கை!" என்று மூன்று தடவை கூவும். மூன்றாவது கூவலுக்குள் போய் நிற்காவிட்டால் பிடிவாரண்டு. அதனால் விடியும் முன்பே கிளம்பிப் போய் ஒண்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு தடவை புகார் கொடுத்த பானைமூடி வராது. ஒரு தடவை தராசு லீவு. ஒரு தடவை எல்லோரும் வந்திருப்பார்கள், காக்கை வேறு கோர்ட்டுக்குப் பறந்திருக்கும். அடுத்த வாய்தா, போ!

"அக்கா, நீங்க ஒவ்வொரு தடவையும் வரணும்னு அவசியமில்ல," என்று காக்கை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தது.

"நல்லா இருக்கே கதை! இவன் எங்கயாச்சும் கால் தடுக்கிக் கிடந்தான்னா ஜல்லியாகப் போறது நான்தானே? அதோட, பிணை குடுத்தவ வந்து நின்னாத்தானே கோர்ட்டுக்கு ஒரு மரியாதை?"

உரலுக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. தேய்ந்துகொண்டே உருண்டது. உலக்கையும் மெலிந்து கோலாகிவிட்டது. இரண்டு பேருக்கும் பேசக்கூடத் தெம்பில்லை.

பிறகு ஒரு வாய்தாவில் தராசு ஒரு காகிதத்தை எடுத்து வைத்தது.

"பிணைதாரரின் விலாசத்தை லத்திக்கம்பு நேரில் போய் விசாரித்திருக்கிறது. அங்கே குழிதான் இருக்கிறதாம், மழைத்தண்ணீர் நிற்கிறதாம். பிணை செல்லாது. ஜாமீன் ரத்து."

உரல் முன்னால் உருண்டு வந்தது. "ஐயா! லத்தி வந்தது என்னிக்குங்க?"

"போன வாய்தா அன்று."

"அன்னிக்கு நான் இங்கதானேய்யா இருந்தேன்! உங்க முன்னாடிதானே நின்னேன்! நீங்க பாக்கலையா?"

"இங்கே நின்றதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை," என்றது தராசு. "அங்கே இல்லை என்பதுதான் அறிக்கை."

காக்கை இறக்கையை அடித்துக்கொண்டு எழுந்து வாதாடியது. தராசு அசையவில்லை. "வேறு பிணை கொண்டு வாருங்கள். அதுவரை உள்ளே இருக்கட்டும்."

லத்திக்கம்பு பக்கத்தில் வந்து நின்றது. உரல் கதறிவிட்டது. "பயப்படாதடா தம்பி, அம்மிக்கல்லு காலைப் பிடிச்சாவது பிணை வாங்கிட்டு வந்து உன்னை எடுத்துர்றேன். ரெண்டே நாளு பொறுத்துக்க."

உலக்கை அக்காவைப் பார்த்தது. உடைந்த விளிம்பைப் பார்த்தது. அடியில் ஏறிக்கிடந்த சேற்றைப் பார்த்தது.

"வேணாம்க்கா," என்றது. "உள்ள இருந்தா வாய்தாவுக்கு அவங்களே கூட்டிட்டு வருவாங்க. நீ போய் வீட்டுல உக்காரு."

சொல்லிவிட்டு, லத்திக்கம்பு கூப்பிடுவதற்கு முன்பே தானாக உள்ளே நடந்தது.